அபராதம் வசூலாகிறது; விதிமீறல் குறைந்ததா என்று யார் அளக்கிறார்கள்? – பெங்களூரு சாலைப் பாதுகாப்புச் செலவு பற்றிய விவாத இழை

அல்சூர் ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2023 பிப்ரவரியில், நிலுவையில் இருந்த போக்குவரத்து அபராதங்களைப் பாதித் தொகை செலுத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கர்நாடக அரசு அறிவித்தபோது, சில நாட்களிலேயே நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. 2025 ஆகஸ்டு இறுதியில் அதே சலுகை மீண்டும் வந்தது. அப்போதும் வசூல் நூறு கோடியைத் தாண்டியது. இரண்டு முறையும் செய்தித்தாள்களின் தலைப்பில் இருந்தவை வசூலான தொகையும் தீர்ந்த வழக்குகளின் எண்ணிக்கையும்தான். இவ்வளவு பேர் அபராதம் கட்டிய பிறகு நம் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் செல்வோர் குறைந்தார்களா, சிவப்பு விளக்கைத் தாண்டுவது குறைந்ததா என்பதற்கு அந்தச் செய்திகளில் விடை இல்லை.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். வழக்குகளின் எண்ணிக்கை காவல்துறையின் உழைப்பையும் கேமராவின் எட்டும் தூரத்தையும் காட்டுமே தவிர, சாலையில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் காட்டாது. 2022 டிசம்பரில் டிரினிட்டி சந்திப்பில் தொடங்கிவைக்கப்பட்ட ஐ.டி.எம்.எஸ். (நுண்ணறிவுப் போக்குவரத்து மேலாண்மை அமைப்பு) திட்டத்தில் 50 சந்திப்புகளில் வண்டி எண்ணைப் படிக்கும் கேமராக்கள் 250-உம், சிவப்பு விளக்கு மீறலைப் பிடிக்கும் கேமராக்கள் 80-உம் பொருத்தப்பட்டன. அதன் பிறகு வழக்குகள் கூடினால் விதிமீறல் கூடிவிட்டது என்று பொருளா? நாளைக்கே ஒரு மழையில் பாதிக் கேமராக்கள் பழுதாகி வழக்குகள் குறைந்தால், மக்கள் திருந்திவிட்டார்கள் என்று பொருளா? இரண்டும் இல்லை. சாலையின் நடத்தையை அறிய வேண்டுமானால், அபராதம் போடும் வேலைக்குத் தொடர்பே இல்லாத ஒருவர், முறையாகத் தேர்ந்தெடுத்த இடங்களில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, அதே இடங்களில், அதே முறையில் எண்ண வேண்டும். முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

அபராதப் பணம் மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர்ந்து பொதுச் செலவில் கலந்துவிடுகிறது. அதிலிருந்து ஒரு சிறு விழுக்காட்டை இந்தக் கணக்கெடுப்புக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கேரளத்தில் 2007-ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்பு ஆணையச் சட்டமே அபராதத் தொகையில் பாதியைச் சாலைப் பாதுகாப்பு நிதிக்குத் திருப்புகிறது. கர்நாடகமும் 2017-இல் இதே போன்ற ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆகவே கட்டமைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த மன்றத்தில் பொறியாளர்களும், ஓட்டுநர்களும், தினமும் வண்டி ஓட்டி வேலைக்குச் செல்வோரும் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மடிவாளா மேம்பாலம்

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் முன்னுரிமையில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊரில் ஆய்வு அறிக்கைகளுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை; நடைபாதைக்குத்தான் பஞ்சம். பி-டிராக் 2010 என்ற பெயரில் 350 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு திட்டம் வந்தது. நெரிசலையும் விபத்துகளையும் 30 விழுக்காடு குறைப்பதாக அதில் இலக்கு எழுதினார்கள். சிக்னல்கள் வந்தன, கேமராக்கள் வந்தன, கட்டுப்பாட்டு அறை வந்தது. இன்று சில்க் போர்டு சந்திப்பில் நின்று பாருங்கள். ஒசூர் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டிய ஒரு பெரியவருக்குப் பத்திரமான வழி எங்கே இருக்கிறது?

ஒரு கோடி ரூபாயை எண்ணிப் பார்ப்பதற்குச் செலவிட்டால் ஒரு ஆலோசனை நிறுவனம் தடிமனான அறிக்கை ஒன்று கொடுக்கும். அதே பணத்தில் பள்ளிகளின் முன்னால் உயர்த்திய நடைபாதைக் கடப்புகளும், சாலை நடுவில் நின்று கடக்கும் திட்டுகளும் கட்டலாம். செயின்ட் மார்க்ஸ் சாலையிலும் ரெசிடென்சி சாலையிலும் டெண்டர் ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தின் முறையில் அகலமான நடைபாதை போட்டபோது, நடப்பவர்களுக்கு அது நன்மை என்று சொல்ல யாரும் ஆய்வு கேட்கவில்லை. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. செய்ய வேண்டியது என்ன என்று நமக்குத் தெரியும். செய்யத்தான் ஆளில்லை.

ஆடுகோடி அகல்

மடிவாளா நண்பர் சொல்வதில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் மனத்தில் இருப்பது ஆலோசனை நிறுவனத்தின் தடிமனான அறிக்கை. அல்சூர் ஐயா கேட்பது வேறு வேலை. நான் சில காலம் அந்த வேலையைச் செய்தவள் என்பதால் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

ஒரு சந்திப்பில் இரண்டு பேர் நிற்போம். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் குறிப்பார். இரு சக்கர வண்டி ஒன்று வந்தால் ஓட்டுபவருக்கு ஒரு கட்டம், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கட்டம், குழந்தை இருந்தால் தனிக் கட்டம். தலையில் ஹெல்மெட் இருக்கிறதா, இருந்தால் முழு ஹெல்மெட்டா அரை ஹெல்மெட்டா, தாடைக்குக் கீழே பட்டி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பட்டி காதோரம் ஆடிக்கொண்டிருக்கும் ஹெல்மெட், விழும்போது தலையை விட்டு முதலில் கழன்று போகும். கேமராவின் கணக்கில் அவர் ஹெல்மெட் அணிந்தவர். எங்கள் தாளில் அவர் பாதுகாப்பு இல்லாதவர். கட்டட வேலைக்குக் கொடுக்கும் மஞ்சள் தொப்பியையும், கிரிக்கெட் தொப்பியையும்கூடப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவற்றை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று முன்கூட்டியே விதி எழுதியிருக்காவிட்டால் ஆளுக்கு ஆள் கணக்கு மாறிவிடும்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம், காக்கி நிறத்தில் எதையும் அணியக் கூடாது என்பது. இரண்டாவது பாடம், காவலர் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பது. காவலரைக் கண்டதும் பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறுவதையும், இருநூறு மீட்டர் தாண்டியதும் மறுபடி கீழே இறங்குவதையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காவலர் நிற்கும் இடத்தில் மட்டும் எண்ணினால் இந்த நகரம் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் வாங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஆய்வுகள் இங்கே நடக்கவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ப்ளூம்பெர்க் அறக்கட்டளையின் உலகளாவிய சாலைப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மும்பையிலும் பெங்களூரிலும் வேகம், ஹெல்மெட், சீட் பெல்ட் ஆகியவற்றைச் சாலையோரத்தில் நின்று கணக்கெடுத்திருக்கிறது. என் வருத்தம் என்னவென்றால், அது வெளிநாட்டு நன்கொடையால் நடப்பது. நன்கொடைக் காலம் முடிந்தால் கணக்கெடுப்பும் நின்றுவிடும். ஒரு கோடிக்கு மேல் வண்டிகள் பதிவாகியிருக்கும் நகரம், தன் சாலைகளைத் தானே எண்ணிப் பார்க்கத் தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுத முடியாதா?

சராசரியும் விலகலும்

புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் செலவு பற்றிய அச்சத்தை முதலில் நீக்க விரும்புகிறேன். ஒரு நகரத்தில் எத்தனை விழுக்காட்டினர் ஹெல்மெட் அணிகிறார்கள் என்பதை ஐந்து புள்ளி கூடக்குறைய, 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல 384 பேரைப் பார்த்தால் போதும் என்று பாடநூல் சொல்லும். நடைமுறையில் அது போதாது. ஒரே சந்திப்பில் நிற்பவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள் என்பதால், ஒரே இடத்தில் ஆயிரம் பேரைப் பார்ப்பதைவிட இருபது இடங்களில் ஐம்பது பேர் வீதம் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். எடுத்துக்காட்டாக, 60 விழுக்காட்டிலிருந்து 63-ஆக உயர்ந்திருக்கிறதா என்ற சிறு மாற்றத்தை நம்பிக்கையோடு பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் நான்காயிரம் பேருக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும். நெரிசலான சிக்னலில் ஒரு மணி நேரத்தில் பல நூறு வண்டிகள் நிற்கின்றன; ஆகவே இதுவும் எளிதில் எட்டக்கூடிய எண்ணிக்கையே. கேமராக்களின் விலையோடும் அவற்றின் பராமரிப்போடும் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு.

இனி, "கண்ணால் பார்த்தாலே தெரியும்" என்ற வாதத்துக்கு வருகிறேன். கண் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ ஏற்படுத்திய ஐந்து விபத்துகளோ பத்து மரணங்களோ நிகழ்ந்தால் அதை விபத்துக் கரும்புள்ளி என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரையறுக்கிறது. அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கிறோம். அடுத்த ஆண்டு விபத்து குறைகிறது. திட்டம் வெற்றி என்று அறிவிக்கிறோம். ஆனால் அந்த இடம் பட்டியலில் சேர்ந்ததே அது ஒரு மோசமான காலத்தில் அகப்பட்டதால்தான். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த ஆண்டு ஓரளவு குறைந்திருக்கும். எவ்வளவு தானாகக் குறைந்தது, எவ்வளவு நம் செலவால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல, எதுவும் செய்யப்படாத அதே வகை இடங்களையும் கூடவே கண்காணிக்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் பயனற்ற திட்டங்களுக்கே மீண்டும் மீண்டும் பணம் போகும். பயன் தந்தவை பணமின்றி நின்றுபோகும்.

மரண எண்ணிக்கையை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்தானது. நம் பூர்வீக மாநிலத்தையே பாருங்கள். மத்திய அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளின்படி தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2016-இல் 17,218 பேர். 2019-இல் அது 10,525 ஆகக் குறைந்தபோது நாடே பாராட்டியது. 2022-இல் அதே வரிசை அறிக்கையில் 17,884 என்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் சாலைகளும் ஓட்டுநர்களும் இவ்வளவு மாறியிருக்க முடியாது. எண்ணும் முறையையும் பதியும் முறையையும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஹெல்மெட், வேகம், குடித்துவிட்டு ஓட்டுதல் ஆகியவற்றைத் தனியாக அளந்து வைத்திருந்தால், மரணக் கணக்கு திடீரென்று ஏறும்போதோ இறங்கும்போதோ அதை நம்பலாமா கூடாதா என்று சரிபார்க்க ஒரு துணை இருந்திருக்கும்.

மடிவாளா மேம்பாலம்

தம்பி, ஒப்பீட்டு இடங்களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நடைபாதைக்குப் பணம் கேட்கும் எங்களுக்கே அது ஆயுதமாகும் என்பதும் தெரிகிறது. ஆனால் ஹெல்மெட், சீட் பெல்ட் என்று வண்டியில் செல்பவரை மட்டுமே எண்ணினால் நடப்பவர் மறுபடியும் கணக்கில் வரமாட்டார். இந்த நகரத்தில் சாலையில் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இரு சக்கர வண்டியில் செல்பவர்களும் நடப்பவர்களும்தான் என்பதை நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் காயக் கண்காணிப்பு ஆய்வுகள் நீண்ட காலமாகச் சொல்லிவருகின்றன. நடப்பவர் எந்த விதியையும் மீறாமல் சாவதற்குக் காரணம் வேகமும் கடக்க இடமில்லாமையும்தான். ஆகவே கணக்கெடுப்பு என்றால் ஒவ்வொரு சந்திப்பிலும் கடக்கும் நேரம் எத்தனை நொடி, வயதானவர் அதற்குள் கடந்துவிட முடிகிறதா, நடைபாதையின் மேல் எத்தனை வண்டிகள் ஏறி ஓடுகின்றன என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்படியானால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன்.

பானஸ்வாடி இரவுப் பணி

நான் ஓட்டுநர், விமான நிலையத்துக்குப் போகும் பல்லாரி சாலையில் இரவில்தான் அதிகம் ஓட்டுகிறேன். பகலில் ஹெப்பாளில் நகரவே முடியாது. அங்கே வேகத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? நள்ளிரவுக்குப் பிறகு அதே பல்லாரி சாலை காலியாகிவிடும், கார்கள் பறக்கும், சிக்னல்கள் மஞ்சளாக மின்னிக்கொண்டிருக்கும். சோதனை பெரும்பாலும் பகலில் சந்திப்புகளில் நடக்கிறது. உயிரைப் பறிக்கும் வேகம் வேறு நேரத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. அகல் அம்மா சொன்ன கணக்கெடுப்பில் இரவு நேரமும், ஞாயிறு விடியற்காலையும் கட்டாயம் சேர வேண்டும். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழக்கும் விபத்தின் வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்களைப் போன்றவர்கள் ஒவ்வோர் இரவும் அந்தக் கணக்குக்குள் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

மைசூரு நெடுஞ்சாலையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2023 மார்ச்சில் புதிய சாலை திறந்தார்கள். அந்த ஆண்டு அதில் இறந்தவர்கள் மிக அதிகம். பிறகு 100 கிலோமீட்டர் வேக வரம்பைக் கண்டிப்பாக்கினார்கள், கேமரா வைத்தார்கள், ஆகஸ்டு 1 முதல் பைக்குகளையும் ஆட்டோக்களையும் பிரதான பாதையில் தடை செய்தார்கள். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. வேகத்தைப் பிடித்தால் உயிர் பிழைக்கும் என்பதை அங்கே என் கண்ணாலேயே பார்த்தேன்.

சராசரியும் விலகலும்

இரவுப் பணி நண்பர் சொன்ன நெடுஞ்சாலை மிக நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மூன்று மாற்றங்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்தன. மரணம் குறைந்ததில் கேமராவின் பங்கு எவ்வளவு, பைக்குகளை விலக்கியதன் பங்கு எவ்வளவு? அந்த வண்டிகள் பக்கச் சாலைக்கு இறங்கி அங்கே விழுந்தால் அதையும் கூட்டிக் கழிக்க வேண்டும் அல்லவா? பக்கச் சாலையில் முன்னும் பின்னும் வேகத்தையும் வண்டிகளையும் எண்ணியிருந்தால் அடுத்த நெடுஞ்சாலைக்கு எதை முதலில் வாங்குவது என்று அரசுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

கே.ஆர். புரம் ரயிலடி

ஒப்பந்தம் பற்றி யாரும் பேசவில்லையே. கேரளத்தில் 2023-இல் 232 கோடி ரூபாய் செலவில் 726 கேமராக்கள் வைத்தபோது எழுந்த பெரும் சர்ச்சை ஒப்பந்தம் கொடுத்த விதத்தைப் பற்றியதே; கேமரா உயிரைக் காக்குமா என்ற கேள்வி அதில் அமுங்கிப்போனது. என் அச்சம் இதுதான்: கேமரா நிறுவியவரே பலனையும் அளந்து அறிக்கை கொடுத்தால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. கணக்கெடுப்பவருக்கும் கேமரா ஒப்பந்ததாரருக்கும், அபராதம் வசூலிக்கும் துறைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்திடமோ மருத்துவக் கல்லூரியிடமோ கொடுக்கலாம்.

அல்சூர் ஏரிக்கரை

இவ்வளவு பொறுப்போடு எழுதிய அனைவருக்கும் நன்றி. இரவு நேரம், நடப்பவர்கள், ஒப்பீட்டு இடங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொடர்பில்லாத அமைப்பு ஆகிய நான்கையும் கோரிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவு மின்னணுக் கண்காணிப்பை அரசின் கடமையாக்கியது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி, கேமரா உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. கருவியைச் சரிபார்க்க இவ்வளவு விதி எழுதியவர்கள், அதன் பலனைச் சரிபார்க்கவும் ஒரு விதி எழுத வேண்டும். அதே சட்டத்தின் 198ஏ பிரிவை மடிவாளா நண்பர் விரும்புவார் என்று நினைக்கிறேன்: சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓட்டுபவருக்கு அன்றாடம் அபராதம் போடும் நகரத்தில் இந்தப் பிரிவு எத்தனை முறை பயன்பட்டது என்றும் நாம் கேட்க வேண்டும்.

இதெல்லாம் கேட்டு என்ன நடக்கும் என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒரு செய்தி. உச்ச நீதிமன்றம் 2014-இல் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்ததும், ஒவ்வொரு மாநிலமும் தனி நிதியும் தலைமை அமைப்பும் ஏற்படுத்த வேண்டும் என்று 2017 நவம்பரில் உத்தரவிட்டதும் ஒரு தனி மனிதர் தொடுத்த பொதுநல வழக்கில்தான். அவர் கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அறுவை அரங்கில் நாள்தோறும் பார்த்ததைத் தாங்க முடியாமல் 2012-இல் நீதிமன்றத்துக்குப் போனார்.

முதல் வேலையாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிகளின்படி ஒரு மனுவில் ஒரே பொருள்தான் இருக்கலாம், 150 சொற்களைத் தாண்டக் கூடாது. ஆகவே மூன்றாகப் பிரித்துப் போடுவோம். போக்குவரத்துக் காவல் இணை ஆணையர் அலுவலகத்துக்கு ஒன்று: ஐ.டி.எம்.எஸ். கேமராக்கள் உள்ள 50 சந்திப்புகளில், நிறுவுவதற்கு முன்னும் பின்னும் விதிமீறல் விகிதம் சாலையோரக் கணக்கெடுப்பில் அளக்கப்பட்டதா, அளக்கப்பட்டிருந்தால் அறிக்கையின் நகல் வேண்டும். மாநிலச் சாலைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒன்று: கடந்த மூன்று நிதியாண்டுகளில் நிதியிலிருந்து கணக்கெடுப்புக்கும் மதிப்பீட்டுக்கும் செலவான தொகை, பெற்ற நிறுவனங்களின் பெயர்கள். மாநகராட்சிக்கு ஒன்று: 198ஏ பிரிவின் கீழ் ஒப்பந்ததாரர்கள் மீது எடுத்த நடவடிக்கை. இப்போது பெங்களூருக்கு ஐந்து மாநகராட்சிகள் என்பதால், இந்தக் கடைசி மனுவை அவரவர் வீடு இருக்கும் மாநகராட்சிக்கு அவரவரே அனுப்புங்கள். அகல் அம்மா, முதல் மனுவின் வாசகத்தை நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.

ஆடுகோடி அகல்

அனுப்புங்கள் ஐயா, பார்க்கிறேன். "விதிமீறல் விகிதம்" என்று மட்டும் கேட்டால் வழக்குகளின் எண்ணிக்கையையே பதிலாகக் கொடுத்துவிடுவார்கள். "பார்க்கப்பட்ட மொத்த வண்டிகள் எத்தனை, அவற்றில் மீறியவை எத்தனை" என்று இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். கணக்கெடுத்த நாள், நேரம், நின்ற இடம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 150 சொற்களுக்குள் அடங்கிவிடும்.